பிள்ளைத்தாய்ச்சி எவ்வளவு எடை ஏற வேண்டும்? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

ரத்தசோகை பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி ரத்தத்தைப் பற்றியே இல்லை, எடையைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊரும் மாவட்டத்தோடு சரி.

கேள்வி: டாக்டர், எனக்கு 22 வயது, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஒரு கிராமம். உயரம் 150 செ.மீ. கல்யாணத்தின்போது 38 கிலோ இருந்தேன். இப்போது ஏழாம் மாதம், 42 கிலோ. நர்ஸம்மா எடை போதாது, நன்றாகச் சாப்பிடு என்கிறார். என் மாமியாரோ அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் போகும், அப்புறம் ஆபரேஷன்தான், அளவாகச் சாப்பிட்டால் சின்னப் பிள்ளையாகச் சுகமாக வெளியே வரும் என்கிறார். அவர் நான்கு பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றவர். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நர்ஸம்மா பேச்சை. ஆனால் உங்கள் மாமியாரை முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள் அம்மா. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் இடையில் குழந்தை சிக்கிக்கொண்டால் மாட்டு வண்டி கட்டி டவுனுக்குப் போவதற்குள் தாயும் போய்விடுவாள், பிள்ளையும் போய்விடும். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குப் பெரிய பிள்ளை என்றாலே வயிற்றைக் கலக்கும். அந்தப் பயம் நியாயமானது, அதற்கு அவர் சொல்லும் வைத்தியம்தான் தப்பு. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. சிக்கினால் எடுக்க ஆள் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதை மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். பிரசவத்தில் சிக்குவது பெரும்பாலும் குழந்தையின் தலை. தாய்க்குச் சாப்பாடு குறைந்தால் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் உடம்பு முதலில் மூளையைத்தான் காப்பாற்றும், வருகிற ரத்தத்தை அங்கே திருப்பிவிட்டு, கை கால் சதையிலும் ஈரலில் சேர வேண்டிய சர்க்கரை இருப்பிலும் குறைத்துக்கொள்ளும். ஆக நீங்கள் பட்டினி கிடந்தால் தலை அவ்வளவாகச் சிறுக்காது, உடம்புதான் வற்றும். பிரசவம் சுலபமாவதில்லை, பிள்ளை மட்டும் இளைத்துப் பிறக்கிறது. அப்படிப் பிறந்த பிள்ளைக்கு உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப்போகும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், பால் இழுத்துக் குடிக்கத் தெம்பு இருக்காது, காய்ச்சல் சளி எது வந்தாலும் தாங்காது. இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்று நாங்கள் தனியாகக் கவனிப்பது இதனால்தான். உங்களுக்கும் ஆபத்து உண்டு. இளைத்து, ரத்தமும் குறைவாக இருக்கிற பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் உதிரம் கூடப் போனாலும் சமாளிக்க முடியாது.

இனி உங்கள் கணக்கு. 150 செ.மீ. உயரத்துக்கு 38 கிலோ மிகக் குறைவு. குறைந்தது 42 கிலோவாவது இருந்திருந்தால்தான் சரியான எடையின் வாசலுக்கே வந்திருப்பீர்கள். அதாவது ஏழு மாதக் கர்ப்பத்தோடு இப்போதுதான் அந்த வாசலில் நிற்கிறீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது. ஏழாம் மாதம் முடிகிற வாக்கில் குழந்தை சுமார் ஒரு கிலோதான் இருக்கும், பிறக்கும்போது இருக்க வேண்டிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு இனிமேல்தான் சேரப்போகிறது.

இது வெறும் ஆறுதல் இல்லை, ஆதாரம் இருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் படை உணவு வரத்தை அடைத்ததால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதில் மாட்டிய பெண்களின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் அளவுக்கு எடை குறைந்து பிறந்தன. இதற்கு நேர் எதிராக, மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டின் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதவாக்கில் தொடங்கித் தினமும் நிலக்கடலை பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார்கள். 1997-இல் முடிவு வெளியானது. களஞ்சியம் காலியாகி வயல் வேலை உச்சத்தில் இருக்கும் பஞ்ச மாதங்களில் பிறந்த குழந்தைகளுக்கு 201 கிராம் கூடுதல் எடை, அறுவடைக் காலத்தில் பிறந்தவற்றுக்கு 94 கிராம். அதில் முக்கியமானது கடலைதான்! நம் ஊரில் விளைவதுதான்.

ஆகவே தினமும் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதோடு ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால் சேருங்கள். மூன்றும் சேர்ந்தால் 350 கலோரிக்குக் கொஞ்சம் மேலே வரும், கர்ப்பிணிக்குக் கூடுதலாக வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வதும் 350தான். உங்களைப் போல இளைத்துத் தொடங்கியவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும், அதற்கு அங்கன்வாடி சத்துமாவு இருக்கிறது. மேல்வயிறு அடைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் நிறையச் சாப்பிட முடியாது என்பீர்கள், ஏழாம் மாதம் அப்படித்தான், ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிடும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும் என்று தெரியும், எங்கள் வீட்டிலும் இருந்தது. இந்த மூன்று மாதமாவது குழம்பில் பருப்பும் கருவாடும் அடியில் கிடக்கும்போதே உங்கள் தட்டுக்கு வரட்டும். மாமியாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.

கேள்வி: நான் அங்கன்வாடிப் பணியாளர், தருமபுரி மாவட்டம். எங்கள் அட்டையில் 9 முதல் 11 கிலோ ஏற வேண்டும் என்று சொல்லித்தருகிறோம். படித்த பெண்கள் போனைக் காட்டி 12 முதல் 16 கிலோ என்று போட்டிருக்கிறதே மேடம் என்று மடக்குகிறார்கள். எது சரி?

பதில்: போனில் அவர்கள் காட்டுவது அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009-இல் போட்ட அட்டவணை. கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்தவர்களுக்கு 11.5 முதல் 16 கிலோ, இளைத்தவர்களுக்கு 12.5 முதல் 18, குண்டானவர்களுக்கு 7 முதல் 11.5, மிகவும் குண்டானவர்களுக்கு 5 முதல் 9. அது அந்த ஊர்ப் பெண்களின் உயரத்தையும் உடம்பையும் வைத்துப் போட்ட கணக்கு. நம் சுகாதாரத்துறை கையேடு சொல்வது நீங்கள் சொல்லித்தரும் 9-11, மூன்றாம் மாதத்துக்குப் பிறகு மாதம் சுமார் 2 கிலோ. சாப்பாடு போதாவிட்டால் 5-6 கிலோதான் ஏறும் என்றும் அதே கையேட்டில் இருக்கிறது.

ஆனால் அந்த அமெரிக்க அட்டவணையிலிருந்து ஒரு விஷயத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் ஒரே எண் கிடையாது என்பதை. 38 கிலோவில் தொடங்கியவளுக்கும் 70 கிலோவில் தொடங்கியவளுக்கும் ‘பத்து கிலோ ஏறணும்’ என்று ஒரே வார்த்தை சொல்வது எனக்குச் சரியாகப்படவில்லை. இளைத்தவளுக்கு 11 கிலோ கடைசிப்படி இல்லை, அதைத் தாண்டினாலும் நல்லதுதான். குண்டானவளுக்கு 7 கிலோவே போதும்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். டயேன் காஃபி என்ற ஆய்வாளர் 2015-இல் இந்தியக் கணக்கெடுப்புகளை ஆப்பிரிக்க நாடுகளோடு ஒப்பிட்டு எழுதினார். கர்ப்பம் தரிக்கப்போகும் நிலையில் இருந்த இந்தியப் பெண்களில் 42 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள், சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அது 16.5 சதவீதம்தான். கர்ப்ப காலத்தில் இந்தியப் பெண்கள் ஏறுவதோ சராசரி 7 கிலோ. ஆப்பிரிக்கப் பெண் கர்ப்பம் தொடங்கும்போது இருக்கும் எடைக்கு இந்தியப் பெண் கர்ப்பம் முடியும்போதுகூட வருவதில்லை! அவர்களைவிட நாம் ஏழைகள் இல்லை. வீட்டில் சின்ன மருமகள் கடைசியாகச் சாப்பிடும் வழக்கம்தான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் கட்சி. அந்தக் கணக்கெடுப்பு 2005-06 காலத்தது, இப்போது நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது, தமிழ்நாட்டில் அதைவிடத் தேவலை. ஆனாலும் கல்யாணமாகி வரும் 19, 20 வயதுப் பெண்களை எடை போட்டுப் பாருங்கள், தெரியும்.

உங்கள் வேலைக்கு ஒரு யோசனை. மொத்தக் கிலோவைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம், மாதா மாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். நான்காம் மாதத்துக்குப் பிறகு ஒரு மாதம் முழுக்க ஏறவே இல்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். தாமதமாகப் பதிவு செய்து தொடக்க எடையே தெரியாத பெண்ணுக்கு மேல்கையின் நடுவில் டேப் வைத்து அளந்தால் ஓரளவு தெரிந்துவிடும், 23 செ.மீ.க்குக் கீழே இருந்தால் இளைத்தவள் என்று எடுத்துக்கொள்ளலாம். எப்போதும் ஒரே மெஷினில், செருப்பைக் கழற்றிவிட்டு. முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு.

கேள்வி: நாங்கள் திருவண்ணாமலை மாவட்டம். செங்கல் சூளை வேலைக்குச் செங்கல்பட்டுப் பக்கம் வந்திருக்கிறோம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். ஊரில் பதிவு செய்த அட்டை இருக்கிறது. இங்கே வந்ததிலிருந்து யாரும் எடை பார்க்கவில்லை, இளைத்த மாதிரி தெரிகிறாள். அட்வான்ஸ் வாங்கியிருப்பதால் ஜோடியாகத்தான் வேலை செய்ய வேண்டும் என்று மேஸ்திரி சொல்கிறார்.

பதில்: தம்பி, அட்டையையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணையும் எடுத்துக்கொண்டு சூளைக்குப் பக்கத்தில் உள்ள எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போங்கள். ‘உன் ஊரில் போய்ப் பார்’ என்று யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் மருத்துவ அலுவலரைப் பார்த்தே தீருவேன் என்று நில்லுங்கள். எடை, ரத்த அழுத்தம், ரத்தம், ஸ்கேன் எல்லாம் இலவசம். கிராம சுகாதார செவிலியரின் போன் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றி: புனே பக்கத்துக் கிராமங்களில் 1990களில் டாக்டர் யாஜ்னிக் குழு கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. அந்தப் பெண்களின் சராசரி எடை 42 கிலோ அளவுதான், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோ. அதில் வயல் வேலை, தண்ணீர் சுமப்பது என்று அதிகம் உழைத்த பெண்களின் குழந்தைகள் இன்னும் சிறியதாகப் பிறந்தன. சாப்பாட்டில் ஏறுவதை வேலை எரித்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். சூளையில் விடியற்காலையிலிருந்து குத்துக்காலிட்டு மண் அறுப்பது, கல் சுமப்பது, வெயில், புகை எல்லாம் சேர்ந்து. வேலையை அடியோடு விட முடியாவிட்டாலும் இன்றே தலைச்சுமையை நிறுத்துங்கள், மதியம் இரண்டு மணி நேரம் படுக்க விடுங்கள், தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும், ஏழாம் மாதத்துக்கு மேல் சூளைப் பக்கமே வேண்டாம்.

மேஸ்திரி விஷயம். முன்பணம் கொடுத்ததைக் காட்டி ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவது 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். கோட்டாட்சியரிடமோ கலெக்டர் அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, ஆனால் இப்படி ஒரு சட்டம் இருப்பது உங்களுக்குத் தெரியும் என்பது மேஸ்திரிக்குத் தெரிந்தால் போதும், பேச்சின் தொனி மாறும்.

கேள்வி: எட்டாம் மாதம் நடக்கிறது. இரண்டு வாரத்தில் மூன்று கிலோ ஏறிவிட்டேன், பிள்ளை நன்றாக வளர்கிறது என்று எல்லாரும் சந்தோஷப்படுகிறார்கள். காலில் வீக்கம், காலையில் முகமும் உப்பியிருக்கிறது. மோதிரம் கழற்ற வரவில்லை.

பதில்: இந்த இதழ் கைக்கு வருவதற்குள் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன், கடிதத்தில் போன் எண் இருந்ததால் உடனே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே போடுகிறேன். இப்படித் திடீரென்று ஏறுவது குழந்தையின் எடை அல்ல, உடம்பில் தேங்கும் நீர். ஒரு மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் ஏறினாலே ரத்த அழுத்தம், இரட்டைக் குழந்தை, சர்க்கரை இந்த மூன்றையும் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும். அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், கூடவே தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி இதில் ஏதாவது இருந்தால் வலிப்பு வரை போகலாம். காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எனக்கு உயரம் 155, எடை 76 கிலோ, நான்காம் மாதம். கூலி வேலைக்குப் போகும் குடும்பம்தான், ஆனாலும் நான் குண்டு. அம்மா ‘ரெண்டு உயிருக்குச் சாப்பிடு’ என்று சோற்றைக் குவிக்கிறார். நர்ஸ் எடை ஏறாதே என்கிறார். பட்டினி கிடக்கட்டுமா?

பதில்: வேண்டாம். கர்ப்பத்தில் எடையைக் குறைக்கும் முயற்சி கூடாது. மெதுவாக ஏறினால் போதும், மொத்தம் 5 முதல் 9 கிலோவுக்குள்.

ஏழை வீட்டில் குண்டாக இருப்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் எடை குறைந்த பெண்கள் 12.6 சதவீதம், எடை கூடியவர்கள் 40.4 சதவீதம். ஒரே தெருவில் இரண்டு வகையும் இருக்கிறது, சில வீட்டில் மாமியார் ஒரு வகை, மருமகள் ஒரு வகை. மூன்று வேளையும் சோறு, மேலே பாமாயில், டீக்கடை வடை, சர்க்கரை போட்ட டீ. வயிறு நிறைகிறது, பருப்பும் காயும் இல்லை. குண்டாக இருப்பவருக்கும் ரத்தசோகை இருக்கலாம், இதைப் பலர் நம்புவதில்லை.

நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது சர்க்கரைப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை, 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த எளிய முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவர் குழு தமிழ்நாட்டில் பார்த்தபோது நகரத்தில் 17.8 சதவீதம், கிராமத்திலேயே 9.9 சதவீதக் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருந்தது. பட்டணத்து நோய் என்று நினைத்தது அந்தக் காலம். இப்போது ஒரு முறை, ஆறாம் ஏழாம் மாதத்தில் மறுபடி. சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால்தான் குழந்தை உண்மையிலேயே அளவுக்கு மீறிப் பெருக்கும், முதல் கேள்வியில் வந்த மாமியாரின் பயம் இங்கேதான் பொருந்தும்.

அம்மாவிடம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, கீரை, பொரியல் வைக்கச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் தெருவில் கொஞ்சம் நடங்கள்.

கேள்வி: என் பேத்தி 2.1 கிலோவில் பிறந்தாள், இப்போது இரண்டு மாதம். மருமகளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை, குங்குமப்பூகூட வாங்கிக் கொடுத்தேன். எதனால் இப்படி? அடுத்த பிள்ளையாவது நன்றாகப் பிறக்க என்ன செய்வது?

பதில்: அம்மா, குங்குமப்பூ குழந்தைக்கு நிறத்தையும் தராது, எடையையும் தராது. அந்தக் காசுக்கு எத்தனை முட்டை!

எதனால் என்பதற்கு ஒரே பதில் இல்லை. மாதம் முந்திப் பிறந்ததா, மாதம் நிறைந்தும் சிறியதாகப் பிறந்ததா என்று பார்க்க வேண்டும், இரண்டுக்கும் காரணம் வேறு. ரத்த அழுத்தம், ரத்தசோகை, சிறுநீரில் கிருமி, அடுத்தடுத்துப் பிள்ளை, தாயே இன்னும் வளர்ந்து முடியாத வயது, அடுப்புப் புகை எல்லாம் வரும். வீட்டில் புகையிலை போடும் பழக்கம் உண்டா? மும்பையில் நடந்த ஓர் ஆய்வில் மெல்லும் புகையிலைப் பழக்கம் உள்ள தாய்மாரின் குழந்தைகள் சராசரி 105 கிராம் குறைந்து பிறந்தன. மருமகளுக்கு இல்லை என்றால் நல்லது. நீங்கள் போடுவதாக இருந்தால் அவளுக்கு நீட்டாதீர்கள்.

உங்கள் மருமகள் எத்தனை கிலோவில் கர்ப்பமானாள் என்று கடிதத்தில் இல்லை. பலருக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஒன்பது மாதம் எவ்வளவு ஊட்டினாலும், தொடக்கத்திலேயே வற்றிப்போயிருந்த உடம்பு வருகிற சாப்பாட்டில் பாதியைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். ஆகவே அடுத்த பிள்ளைக்கான வேலை இப்போதே தொடங்குகிறது. குறைந்தது இரண்டு வருடம் இடைவெளி. பால் கொடுக்கும் பெண் கர்ப்பிணியைவிட அதிகம் சாப்பிட வேண்டும், பச்சை உடம்பு, பத்தியம் என்று ரசம் சாதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் உண்டு, டீ குடித்ததோடு சேர்த்துப் போட வேண்டாம், மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். அந்தப் புனே கிராமங்களில் குழந்தையின் எடையோடு அதிகம் ஒட்டிப்போனது தாய் சாப்பிட்ட சோற்றின் அளவு அல்ல, கீரை, பால், பழம் இவைதான் என்பதையும் நினைவில் வையுங்கள். முருங்கை மரம் கொல்லையில் இருக்குமே.

பேத்தியைப் பற்றி: தாய்ப்பால் மட்டும், ஆறு மாதம் வரை. நெஞ்சோடு சேர்த்து அணைத்து வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் வைத்துக்கொள்ளலாம், பாட்டியின் சூடும் சூடுதான். கொழுகொழுவென்று ஆக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீர், பிஸ்கட் கரைசல் வேண்டாம். சிறியதாகப் பிறந்து பின்னால் வேகமாகப் பெருக்கிற பிள்ளைகளுக்குத்தான் பெரியவர்களானதும் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல்.

கேள்வி: எடை ஏற மெடிக்கலில் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கச் சொன்னார்கள். 600 ரூபாய். கட்டாயமா? பப்பாளி சாப்பிடலாமா?

பதில்: கட்டாயம் இல்லை. சாப்பாடே போதாத பெண்ணுக்குப் புரோட்டீனை மட்டும் கூடுதலாகக் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை, அது சொல்வது எல்லாச் சத்தும் கலந்த கூடுதல் உணவு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கன்வாடியில் கர்ப்பிணிக்குக் கலோரியும் புரதமும் சேர்ந்த கூடுதல் உணவு தர வேண்டும், நம்மூரில் அது சத்துமாவாக வருகிறது. அதை வாங்கி மாட்டுக்குப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். ருசி பிடிக்கவில்லை என்றால் வெல்லமும் தேங்காயும் சேர்த்துப் புட்டாகவோ அடையாகவோ செய்யுங்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் 4,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும், பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். தவணை வரும் மாதத்தில் கடலை, பருப்பு, முட்டைக்கு என்று முதலில் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை வீட்டில் கொடுங்கள்.

பழுத்த பப்பாளி நாலு துண்டு சாப்பிடலாம். காயாகவோ பாதிப் பழமாகவோ வேண்டாம், அதன் பாலில்தான் பிரச்சினை.